ஜூன் மாதத்து ஆட்டக்காரர்கள்

விம்பிள்டன் தகுதிச்சுற்று விம்பிள்டனில் நடப்பதில்லை. சில மைல் தள்ளி ரோகாம்ப்டனில் நடக்கிறது. 2016 ஜூனில் அங்கே மார்கஸ் வில்லிஸ் என்ற பிரிட்டிஷ் இடக்கை ஆட்டக்காரர் மூன்று பேரை அடுத்தடுத்து வீழ்த்தினார். வயது 25. உலகத் தரவரிசையில் 772. வார்விக்கில் ஒரு கிளப்பில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இனி ஆடிப் பயனில்லை, அமெரிக்காவில் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவெடுத்திருந்தவர். அவர் வீழ்த்திய மூவர்: ஜப்பானின் யுய்ச்சி சுகிடா, ரஷ்யாவின் ஆண்ட்ரே ரூப்லெவ், அதே ரஷ்யாவின் டேனியல் மெத்வெதெவ்.

கடைசி இரண்டு பெயர்களை இன்னொரு முறை படியுங்கள். ரூப்லெவ் பிற்பாடு உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவரானார். மெத்வெதெவ் 2021இல் அமெரிக்க ஓப்பனை வென்றார், 2022இல் முதலிடத்துக்கே போனார். வில்லிஸோ பிரதான சுற்றில் லிதுவேனியாவின் ரிச்சார்டாஸ் பெரான்கிஸை நேர் செட்களில் வென்றார். அடுத்து சென்டர் கோர்ட்டில், கூரை மூடிய வெளிச்சத்தில், ரோஜர் ஃபெடரரிடம் 0-6, 3-6, 4-6 என்று தோற்றார். ஃபெடரரின் தலைக்கு மேலே அவர் தூக்கிப்போட்ட ஒரு லாப் இன்னும் யூடியூபில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒற்றையரில் உலகின் முதல் 300 பேருக்குள் அவர் ஒருநாளும் வரவில்லை.

இதைத் தேவதைக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு இது ஒரு கணக்குப் புதிராகத்தான் தெரிகிறது. ஒரே வாரம், ஒரே புல்தரை. 772 ஜெயித்தது. பிற்காலத்து முதலிடம் தோற்றது. அப்படியானால் 772 என்ற எண் எதைத்தான் அளக்கிறது? ஆட்டத் திறமையை மட்டும் அல்ல என்பது உறுதி.

பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி ருசி உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் அந்த நாடு தன்னுடைய 200, 300, 500ஆம் இட ஆட்டக்காரர்களைத் திடீரென்று கண்டுபிடிக்கிறது. யார் ஃபார்மில் இருக்கிறார், யாருக்கு உடம்பு தேறியிருக்கிறது, யாருக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது என்று மூன்று வாரம் பேச்சு ஓடும். ஜூலை நடுவில் அத்தனையும் மறந்துபோகும்.

52 வாரத்துக் கணக்குப் புத்தகம்

டென்னிஸ் தரவரிசை யார் சிறந்தவர் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்யும் பட்டியல் அல்ல. கடந்த 52 வாரங்களில் ஒருவர் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். போன வருடம் இதே வாரம் கிடைத்தது இந்தத் திங்கட்கிழமை கழிந்துவிடும். அதற்கு ஈடாகப் புதிதாகச் சேர்க்காவிட்டால் இடம் சரியும். நீங்கள் நன்றாக ஆடுகிறீர்களா இல்லையா என்று அது கேட்பதே இல்லை.

பிரிட்டனின் டேன் எவன்ஸைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வாஷிங்டனில் பட்டம் வென்றார். 500 புள்ளி. 33 வயதில், உலகின் 21ஆம் இடம். மறு ஆண்டு அதே சமயத்தில் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. பிரிட்டனின் நட்சத்திரம் ஆண்டி மர்ரியின் கடைசிப் போட்டி அது. நண்பருக்குத் துணையாக இரட்டையர் ஆட எவன்ஸ் பாரிஸுக்குப் போனார், வாஷிங்டனை விட்டுக்கொடுத்தார். ஒலிம்பிக்கில் தரவரிசைப் புள்ளி கிடையாது. 500 கழிந்தது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. முதல் 100க்கு வெளியே வெகுதூரம் விழுந்தார். சில வாரம் கழித்து அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் காரென் கச்சனோவை 5 மணி 35 நிமிடத்தில் வென்றார். ஐந்தாவது செட்டில் 0-4 என்று பின்தங்கியிருந்து திரும்பி வந்தார். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் அது. அன்று காலை பட்டியலை மட்டும் பார்த்தவர், வயதாகித் தேய்ந்துபோன ஒருவர் என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்கு நேர்மாறாக, நன்றாக ஆடியும் எதுவும் சேராமல் போவதும் உண்டு. 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்ததால் அந்த ஆண்டு அங்கே புள்ளியே வழங்கப்படவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஸ்டாக்போர்ட்டைச் சேர்ந்த லியம் பிராடி அந்த ஆண்டு டியேகோ ஷ்வார்ட்ஸ்மனை வென்று மூன்றாம் சுற்று வரை போனார். வழக்கமான ஆண்டாக இருந்தால் 90 புள்ளி. அவர் இருந்த இடத்தில் 90 புள்ளி என்பது பல மாத உழைப்பு. கிடைத்தது பூஜ்யம். (பரிசுப் பணம் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) பிராடி முதன்முறையாக முதல் 100க்குள் நுழைந்தது 2023இல், 29 வயதில். அதே ஆண்டு சென்டர் கோர்ட்டில் நான்காம் நிலை வீரர் காஸ்பர் ரூடை வென்றார். விம்பிள்டன் சிறுவர் பிரிவில் இறுதிவரை போனது 2011இல். நடுவே 12 ஆண்டுகள்.

கீழ்மட்டத்தில் புள்ளி எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தால் அந்த 12 ஆண்டுகள் ஏன் என்று கொஞ்சம் புரியும். தொழில்முறை டென்னிஸின் அடிப்படி எம்-15 எனப்படும் போட்டிகள். மொத்தப் பரிசு 15,000 டாலர். ஐந்து சுற்றும் வென்று பட்டம் வாங்கினால் 15 புள்ளி, சுமார் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், புள்ளி இல்லை. விமான டிக்கெட், தங்கும் அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் அந்த 156இல்தான் அடங்க வேண்டும். அடங்காது. அதற்கு மேலே சேலஞ்சர் போட்டிகள்; அவற்றில் பெரிய ஒன்றை வென்றால் 125 புள்ளி.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்-15 பட்டம் எட்டு வாங்கினால் 120 புள்ளி. எட்டுப் பட்டம் என்றால் 40 வெற்றி, தோல்வியே இல்லாமல். எடின்பரோவில் பிறந்த ஜேகப் ஃபெர்ன்லி 2024 ஜூனில் நாட்டிங்ஹாம் சேலஞ்சரை வென்று ஒரே வாரத்தில் அதைவிட அதிகம் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை பட்டியல் வந்தபோது 500களில் இருந்தவர் 200களில் இருந்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் இரண்டு மடங்கு நல்ல ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. படிக்கட்டு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது: கீழ்ப்படிகள் விரல்கடை உயரம், மேல்படிகள் ஆள் உயரம். ஒரு தாவலில் ஏறிவிட்டால் பிழைத்தோம். இல்லையென்றால் விரல்கடை விரல்கடையாக ஏற வேண்டும், அதுவும் 52 வாரத்தில் கீழ்ப்படிகள் கரைந்துகொண்டே வரும்.

வேனில் ஓடிய காலம்

ஆகவே ஃபார்ம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நாம் கிரிக்கெட்டில் பழகிய பொருளில் ஃபார்ம் என்றால் மட்டையில் பந்து படுகிற விதம். 400ஆம் இடத்து டென்னிஸ் ஆட்டக்காரருக்கு முதல் கேள்வியே வேறு. அடுத்த எட்டு வாரத்துக்குப் போட்டிகளுக்குப் போய்வரக் காசு இருக்கிறதா? தொடர்ந்து ஆடினால்தான் கை சூடாகும். தொடர்ந்து ஆடக் காசு வேண்டும். காசு வர ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கக் கை சூடாக வேண்டும்.

ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து வந்த பில்லி ஹாரிஸ் இந்த வட்டத்தை ஒரு ஃபோர்டு ட்ரான்சிட் வேனை வைத்து உடைத்தார். வேனின் பின்புறம் படுக்கை. ஐரோப்பா முழுக்க ஊர் ஊராக ஓட்டிப் போய் ஆடுவது, இரவு அதிலேயே தூங்குவது. சில ஆண்டுகள் இப்படி. விமான டிக்கெட் மிச்சம், ஓட்டல் மிச்சம். முதல் சுற்றில் தோற்றால் மறுநாளே அடுத்த ஊருக்குக் கிளம்பலாம். 2024 ஜூனில், 29 வயதில், லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் கால் இறுதி, அடுத்து ஈஸ்ட்போர்னில் அரை இறுதி. "இத்தனை நாள் எங்கே இருந்தார்?" என்று தொலைக்காட்சி பார்த்தவர்கள் கேட்டார்கள். ஏதாவது ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்திருப்பார்.

பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் ஏழைச் சங்கம் அல்ல என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம். விம்பிள்டனின் உபரி வருமானத்தில் 90 சதவீதம் அதற்குத்தான் போகிறது. 2007இல் ரோகாம்ப்டனில் சுமார் 4 கோடி பவுண்டு செலவில் தேசியப் பயிற்சி மையம் திறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2010 மார்ச்சில், நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையில் லிதுவேனியாவிடம் 2-3 என்று தோற்றார்கள். மர்ரி ஆடவில்லை. எவன்ஸும் ஜேம்ஸ் வார்டும் ஆடினார்கள். எதிரணியில் பெரான்கிஸ். ஆமாம், ஆறு ஆண்டு கழித்து 772ஆம் இடத்து வில்லிஸிடம் தோற்கப்போகிற அதே பெரான்கிஸ்தான். அணித் தலைவர் பதவியிலிருந்து ஜான் லாய்ட் விலகினார். இவ்வளவு காசைக் கொட்டி இதுதானா என்று நாடே கேட்டது.

அந்தக் காலத்தில் பிரபலமான விளக்கம் ஒன்று: காசு அதிகமாகி பையன்கள் சொகுசாகிவிட்டார்கள். எவன்ஸே அதற்கு உதாரணமாகக் காட்டப்பட்டார். 2008 விம்பிள்டனில், சிறுவர் இரட்டையர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு விடிய விடிய வெளியே சுற்றியதற்காகச் சங்கம் அவருக்குத் தந்த நிதியை நிறுத்தியது. இந்த விளக்கத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையச் சோம்பேறித்தனமும் இருக்கிறது. ஏனென்றால் அதே எவன்ஸ் 2013 ஏப்ரலில், உலகில் 300க்கும் கீழே இருந்தபோது, கவென்ட்ரியில் ரஷ்யாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தார். பிரிட்டன் 0-2 என்ற நிலையிலிருந்து மீண்டு வென்றது 1930க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் திமித்ரி துர்சுனோவை வென்றவர் வார்ட். 2010இல் லிதுவேனியாவின் வில்னியூஸில் தோற்ற அதே இருவர். நாட்டு அணிக்கு ஆடும் வாரத்தில் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், நல்ல சாப்பாடு, கேலரி நிறையக் கூட்டம் எல்லாம் இருக்கும். மறு வாரம் எங்கேயோ ஒரு சின்ன ஊர் மைதானத்தில் வேலி ஓரம் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். மனிதர் அதே மனிதர்தான்.

முழங்கால்தான் முடிவு செய்கிறது

வார்டின் கதையை விவரமாகச் சொல்ல வேண்டும். லண்டன் டாக்ஸி ஓட்டுநரின் மகன். 2009 பிப்ரவரியில் டேவிஸ் கோப்பை அணியில் இடம் பிடிக்க கிறிஸ் ஈட்டனுடன் ஒரு தேர்வு ஆட்டம் ஆடினார். 6 மணி 40 நிமிடம். ஐந்தாவது செட் 21-19. வார்ட் தோற்றார். வெளியில் தெரியாத ஆட்டம், தோற்றவருக்குப் புள்ளி இல்லை, பரிசும் இல்லை. உலகின் மிக நீண்ட ஆட்டங்கள் வரிசையில் வைக்க வேண்டிய ஒன்று, ஒரு தேர்வு முகாமில் முடிந்துபோனது.

2011இல் குயின்ஸில் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவர்களுக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) நுழைந்து வாவ்ரிங்காவை வென்று அரை இறுதி வரை போனார். எல்லோரும் வந்துவிட்டார் என்றார்கள். முதல் 100க்குள் நுழைய இன்னும் நான்கு ஆண்டு ஆனது. 2015 மார்ச்சில் கிளாஸ்கோவில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரை இரண்டு செட் பின்தங்கிய பிறகு 6-7, 5-7, 6-3, 7-6, 15-13 என்று வென்றார். ஐந்து மணி நேரம். இஸ்னர் அப்போது 20ஆம் இடம், வார்ட் 111. அந்த ஆண்டு பிரிட்டன் டேவிஸ் கோப்பையையே வென்றது. அந்தப் பயணத்தின் முதல் கல் இந்த ஆட்டம். ஜூலையில் விம்பிள்டன் மூன்றாம் சுற்று, தரவரிசையில் 89. வயது 28. உடம்பு, நம்பிக்கை, காசு மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்த அரிய காலம். அப்புறம் முழங்கால். மாதக்கணக்கில் ஆட முடியவில்லை. 52 வாரம் சுற்றி வந்தது, புள்ளிகள் கழிந்தன. 89 என்ற எண்ணை அவர் மறுபடி பார்க்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஃபிட்னஸ் என்றால் என்ன என்பதுதான். ஐந்து மணி நேரம் ஓடத் தெம்பு இருப்பது ஒருவகை. வார்டுக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது. ஆண்டுக்கு 25, 30 வாரம் தரை மாறி, நாடு மாறி, குளிரிலிருந்து வெயிலுக்குப் பறந்து ஆடியும் மூட்டுகள் தாங்குவது இன்னொருவகை. முதல்வகையை நாம் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டுகிறோம். தரவரிசை இரண்டாம் வகையைத்தான் எண்ணுகிறது. மேல்மட்டத்தினருக்குச் சொந்த பிசியோ கூடவே வருகிறார். தசை இழுத்துக்கொண்டால் ஒரு வாரம் ஓய்வு எடுக்கலாம், குடி முழுகிப்போகாது. 350ஆம் இடத்துக்காரர் வலியோடு ஆடுவார், ஏனென்றால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு வாரத்து வீக்கம் இப்படித்தான் ஆறு மாதக் காயமாகிறது.

ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஆட முடியாதவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்று ஒரு ஏற்பாடு உண்டு. பழைய எண்ணை வைத்து சில போட்டிகளுக்கு நுழையலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எண் பழையது, கால் பழையபடி இல்லையே. கைல் எட்மண்ட் 2018இல் ஆஸ்திரேலிய ஓப்பன் அரை இறுதி ஆடியவர், உலகின் 14ஆம் இடம் வரை போனவர். முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. திரும்பி வந்து, தான் பதின்பருவத்தில் ஆடிய சின்னப் போட்டிகளில் மறுபடி ஆடினார். எதிரே நின்றவர்கள் அவருடைய அந்தப் பழைய ஃபோர்ஹேண்டை டிவியில் பார்த்து வளர்ந்த பையன்கள். 2025இல், 30 வயதில், போதும் என்று நிறுத்தினார். அவர் மறுபடி ஏறிவிடுவார் என்று கடைசிவரை நம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

உடம்பை வைத்து முன்கூட்டியே ஆரூடம் சொல்வதும் சரிவராது. ரையன் பெனிஸ்டனுக்கு ஒரு வயதில் புற்றுநோய். சிகிச்சையின் விளைவாக வளர்ச்சி தாமதப்பட்டது. பதின்பருவத்தில் கூட ஆடியவர்களைவிடச் சிறிய உருவம். 2022 ஜூனில் குயின்ஸில் அப்போது உலகின் ஐந்தாம் இடத்திலிருந்த ரூடை வென்றார். பெண்களில் ஃபிரான் ஜோன்ஸ் அரிய மரபணு நிலையோடு பிறந்தவர். ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலும் மூன்று விரலும்தான், கால்களில் மொத்தம் ஏழு விரல். டென்னிஸ் உனக்கு ஆகாது என்று சிறுவயதிலேயே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சமநிலை தவறாமல் திரும்புவதற்கே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்க வேண்டியவர், 2021இல் ஆஸ்திரேலிய ஓப்பனுக்குத் தகுதி பெற்றார், 2025இல் முதல் 100க்குள் வந்தார். பிரைட்டனைச் சேர்ந்த சோனே கார்ட்டல் 2024இல் நோயிலிருந்து மீண்டு, 298ஆம் இடத்தில் இருந்தபடி விம்பிள்டனில் தகுதிச்சுற்று வழியாக மூன்றாம் சுற்று போனார்; மறு ஆண்டு அங்கேயே நான்காம் சுற்று. எம்மா ரடுகானுவை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. 338இல் தொடங்கி ஒரே கோடையில் அமெரிக்க ஓப்பன் பட்டம் வரை போனது யாருக்கும் வழிகாட்டியாகாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: கீழ்மட்டத்தில் நாலைந்து வருடம் அடிபட்டு உடம்பு இறுகுகிற அந்தக் கட்டத்தை அவர் தாண்டிக் குதித்தார், 2023இல் இரண்டு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க முடியாது. நான் உண்டு என்றே நினைக்கிறேன்.

புல் காட்டும் கோலம்

சரி, ஏன் எல்லாமே ஜூனில் நடக்கிறது?

முதல் காரணம் புல்தரை. உலகம் முழுக்க வருடத்தில் சில வாரங்கள்தான் புல்லில் ஆடுகிறார்கள். பந்து தாழ்ந்து வழுக்கும். மெத்வெதெவ் போன்ற இளைஞர்களுக்கு 2016இல் அது அந்நிய மண். வில்லிஸின் ஆட்டமோ சர்வ், பந்தை வெட்டியடிக்கும் ஸ்லைஸ், மென்மையான கைவேலை. களிமண் தரையில் இந்த ஸ்லைஸ் எழும்பி நின்று அடிவாங்கும். புல்லில் முழங்கால் உயரத்துக்கு மேலே வராது. இங்கிலாந்து கிளப்புகளில் வளர்ந்த எவருக்கும் அந்த மூன்று வாரம் தரவரிசையில் நூறு இருநூறு இடம் இனாமாகக் கிடைத்த மாதிரி. 1991இல் 591ஆம் இடத்து நிக் பிரவுன் விம்பிள்டனில் பத்தாம் நிலை வீரர் கோரான் இவானிசெவிச்சை வீழ்த்தியதும் இதே புல்லில்தான்.

இரண்டாவது வைல்டு கார்டு. நாட்டிங்ஹாம், குயின்ஸ், ஈஸ்ட்போர்ன், விம்பிள்டன் என்று ஜூன் முழுக்க உள்ளூர்ப் போட்டிகள்; உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்திருக்கும். ஸ்லோவேனியாவிலோ தாய்வானிலோ இருக்கும் 250ஆம் இடத்துக்காரருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. விம்பிள்டன் முதல் சுற்றில் தோற்றாலே பிரிட்டிஷ்காரருக்கு அந்த ஆண்டு முழுவதற்குமான பயணச் செலவு வந்துவிடும். 2025இல் அந்தத் தொகை 66,000 பவுண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, யாருக்குக் கிடைத்தாலும் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் இது கண்ணை ஏமாற்றும். அலெக்ஸ் போக்டனோவிச்சுக்கு எட்டு முறை விம்பிள்டன் வைல்டு கார்டு கிடைத்தது, எட்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றார். ஒரு தலைமுறைக்கே அவர் பெயர் கேலிப்பொருள். அவர் எட்டிய சிறந்த இடம் 108. உலகில் 108ஆவது ஆளாக இருப்பது எந்தத் தொழிலிலும் சாதாரணம் அல்ல. அவருடைய மீதி 11 மாதங்களை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் நுட்பமானது. சேலஞ்சரிலும் அதற்குக் கீழேயும் மூன்று செட் ஆட்டம். விம்பிள்டனில் ஐந்து. இரண்டு மணி நேரத்துக்குப் பழகிய உடம்பு நான்காவது செட்டில் வேறொரு ஊருக்கு வந்த மாதிரி திகைக்கும். முதல் செட்டில் பிரமாதமாக ஆடிய வைல்டு கார்டுக்காரர் நான்காவதில் சர்வ் வேகம் குறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மனம் தளர்ந்துவிட்டது என்று வர்ணனையாளர் சொல்வார். தொடைதான் தளர்ந்திருக்கும்.

அமெரிக்கக் கல்லூரி வழி

கடந்த பத்தாண்டில் மாறிய ஒரு விஷயம் இது. கேமரன் நாரி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்; 2022இல் விம்பிள்டன் அரை இறுதி. பால் ஜப், ஹல் நகரத்துப் பையன், பாட்டி வளர்த்த பிள்ளை. தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2019இல் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் ஆனார். பெனிஸ்டன் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம். ஃபெர்ன்லி நாரி படித்த அதே கல்லூரி, அதுவும் உடலியக்கவியல் பாடம்.

கல்லூரி கொடுப்பது காலம். 18இலிருந்து 22 வரை சாப்பாடு, தங்குமிடம், உடற்பயிற்சிக்கூடம், பிசியோ, வாரம் தவறாமல் போட்டி ஆட்டம், கூடவே ஒரு பட்டம். அதே வயதில் நேராகத் தொழில்முறைக்குப் போனவர் துனிசியாவில் 156 டாலருக்கு ஆடிக்கொண்டிருப்பார். தரவரிசையில் கல்லூரி மாணவர் 600, 700 என்று கிடப்பார், ஏனென்றால் வருடத்துக்குச் சில போட்டிகள்தான் ஆடுகிறார். அந்த எண்ணுக்குப் பின்னே இருக்கிற ஆட்டத்தின் தரம் 200 ஆக இருக்கலாம். 2025 விம்பிள்டனில் சான் டியேகோ பல்கலைக்கழக மாணவர் ஆலிவர் டார்வெட், 733ஆம் இடத்திலிருந்து தகுதிச்சுற்று முழுக்க ஜெயித்து, முதல் சுற்றும் வென்று, நடப்புச் சாம்பியன் அல்கராஸிடம் 1-6, 4-6, 4-6 என்று தோற்றார். பரிசு 99,000 பவுண்டு. அப்போதிருந்த அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிப்படி செலவு போக 10,000 டாலருக்கு மேல் அவரால் தொட முடியவில்லை. 772ஐயும் 733ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கிளப் பயிற்சியாளரின் எண், மற்றது கல்லூரி மாணவரின் எண். ஒன்றில் ஒரு தொழில் முடியப்போகிறது, மற்றதில் இன்னும் தொடங்கவே இல்லை. பட்டியலில் இருவரும் அடுத்தடுத்த தெரு.

அதனால் ஜூனில் புதுப்பெயர் ஒன்று அடிபட்டால் நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைத் தேடுவேன். கடந்த 52 வாரத்தில் எத்தனை போட்டி ஆடியிருக்கிறார்? பத்துதான் என்றால் ஏன், காயமா, கல்லூரியா, காசா? ஜெயித்ததெல்லாம் எந்தத் தரையில்? மூன்றாவது செட்டுக்குப் போன ஆட்டங்களில் என்ன ஆனது? ஹாரிஸ் 2024 ஜூனுக்கு முன்பே சத்தமில்லாமல் முதல் 200க்குள் வந்துவிட்டிருந்தார்; தேடியவர்களுக்கு அவர் ஆச்சரியம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, செப்டம்பரைப் பார்ப்பேன். 2024 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் ஃபெர்ன்லி ஜோகோவிச்சிடம் ஒரு செட்டைப் பறித்து, நான்காவதையும் 5-7 வரை இழுத்துத் தோற்றார். சென்டர் கோர்ட் எழுந்து நின்று கைதட்டியது. அது ஜூலை. செப்டம்பரில் பிரான்ஸில் ரென், ஓர்லியான் என்ற இரண்டு ஊர்களில் உள்ளரங்க சேலஞ்சர்கள். புல் இல்லை, வைல்டு கார்டுப் பாசம் இல்லை, இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரே பிரெஞ்சுக்காரர், கேலரி முழுக்க அவர் பக்கம். ஃபெர்ன்லி இரண்டையும் வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் 100க்குள் இருந்தார்.